சாலமோன் ஓட்டிய இரண்டு சுற்று

பேருந்தில் ஏறினால் சாலமோன் மாமா ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கையில்தான் உட்காருவார். அது கிடைக்காவிட்டால் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி புதுவாயல் கூட்டுரோட்டை விட்டு நகர்ந்ததும் அவருடைய இடது கை தொடையிலிருந்து மெல்ல எழும். ஓட்டுநர் கியர் மாற்றுவதற்குச் சற்று முன்பாக, அங்கே இல்லாத ஒரு தண்டைப் பிடித்து முன்னால் தள்ளும். பிறகு பின்னால் இழுக்கும். அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் பொன்னேரியில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதைப் பார்த்தேன். சென்னையில் கல்லூரிக்குப் போன காலத்திலும் பார்த்தேன். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேடி அலைந்தபோதும் அந்தக் கை அப்படியே எழுந்துகொண்டிருந்தது. "இன்னிக்கி நம்ம வண்டிக்கு ரெண்டு டிரைவரு" என்று நடத்துநர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அடுத்த மேட்டில் அது மறுபடி எழும்.

எங்கள் குடியிருப்பில் முதலில் பி.ஏ. முடித்தவன் நான். அதனால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா பி.ஏ., வேல கெட்ச்சிதா?" என்பார். இல்லை என்றால் நகர்ந்து இடம் கொடுப்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது. அவரைப் பற்றி இங்கே எழுதுவதில் பாதி, கடைசி இரண்டு வருடங்களில் அந்த இருக்கையில் அவர் துண்டு துண்டாகச் சொன்னது. கொஞ்சம் கெங்கம்மாள் பெரியம்மா சொன்னது. மீதி நானாக ஊகித்தது. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, அந்தக் கூலியில் வாழ்ந்தவர்கள். மாமா மீசை முளைக்கும் முன்பே சென்னைக்குப் போய் ஒரு கார்ப் பட்டறையில் சேர்ந்து, அம்பாசடர் எஞ்சினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊர் திரும்பினார். அம்மா இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. புதுவாயலில் முனிகிருஷ்ணன் என்கிற அரிசி ஆலைக்காரரின் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பெண் பார்க்க இரண்டு முறை ஏற்பாடு செய்தார்களாம். இரண்டு முறையும் லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்து வரவில்லை. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஷெட்டுக்கு அறுபத்தெட்டில் ஒரு ஜப்பான் கார் வந்தது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பான் எஞ்சினியர் ஊருக்குத் திரும்பியபோது விட்டுப் போனது. டாட்சன். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே துணிக் கூரை. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் வருடா வருடம் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஓட்டுவதற்காகவே முனிகிருஷ்ணன் அதை வாங்கியிருந்தார். அந்த வருடம் ஓட்டியும் பார்த்தார். சென்னையிலிருந்து வந்த இங்கிலீஷ் கார்கள் எல்லாம் முன்னால் போய்விட, இவர் கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தார். ஊர் திரும்பியதும் சாவியை சாலமோன் மாமாவிடம் கொடுத்து, அடுத்த வருடத்துக்குள் இதை வேகமாக்கித் தர முடியுமா என்று கேட்டார். கூலி என்ன வேண்டும் என்றும் கேட்டார்.

"கூலி வாணாம் மொதலாளி. ஒரு பந்தயம் நான் ஓட்டணும்."

முனிகிருஷ்ணன் சிரித்தாராம். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாராம். "சரி நைனா. சனிக்கிழம பந்தயம் என்னுது. ஞாயித்துக்கிழம ஒன்னுது" என்றார்.

மாமாவின் வாழ்க்கையில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் அந்த எஞ்சினோடு இருந்தார். பகலில் லாரி வேலை. அது முடிந்ததும் கார். அம்பாசடர் எஞ்சினுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது என்பார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி எதுவும் அதில் இல்லை. எஞ்சின் தானாக எவ்வளவு மூச்சு இழுக்கிறதோ அவ்வளவுதான் பலம். ஆகவே மூச்சுப் போகிற வழியைத்தான் சரி செய்ய வேண்டும். காற்று நுழைகிற துவாரங்களின் உட்புறத்தை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் இழைத்து, விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். புகை வெளியேறும் குழாய்களை நான்கும் ஒரே நீளம் வரும்படி வளைத்து ஒன்றாகச் சேர்த்தார். ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தைக் கடைசலில் கொடுத்து எடையைக் குறைத்தார். பம்பர், மிதியடி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை எல்லாவற்றையும் கழற்றி ஷெட்டின் மூலையில் போட்டார். கடைசியாக எஞ்சினின் தலை எனப்படும் மேல்மூடியை அடியில் செதுக்கி, உள்ளே அழுத்தம் கூடும்படி செய்தார்.

பலம் கூடியது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி. அன்று பங்கில் கிடைத்த பெட்ரோலுக்கு அந்த அழுத்தம் தாங்கவில்லை. பொறி வருவதற்கு முன்பே தானாக வெடித்தது. அப்படியே விரட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். பெட்ரோலில் ஸ்பிரிட் கலந்தால் தட்டாது என்று சென்னைப் பட்டறையில் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அது மதுவிலக்குக் காலம். லாரி ஷெட்டில் வேலை செய்கிறவனுக்கு ஸ்பிரிட் எங்கிருந்து கிடைக்கும்? ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்த கள்ளச் சாராயத்தை வாங்கி டாங்கில் ஊற்றினார்.

சாராயத்தில் இருந்த தண்ணீர் பெட்ரோலோடு சேராமல் பிரிந்து அடியில் தங்கிவிட்டது. கார் பஞ்செட்டியில் நின்றது. மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்த முதல் கார் என்று லாரிக்காரர்கள் பல நாள் பேசிச் சிரித்தார்களாம்.

அப்போதுதான் அவர் கெங்கம்மாளிடம் போனார். கெங்கம்மாள் எங்கள் குடியிருப்பில் கருவாடு விற்கிறவர். அதற்கு முன்னால் சாராயம் காய்ச்சியவர். அவர் காய்ச்சியதையே குடித்துக் குடித்து அவருடைய கணவர் இறந்து போனார். அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து, இனி என் கையால் காய்ச்சியது ஒருவர் வாய்க்கும் போகாது என்று சொன்னார். அதற்குப் பிறகு பானையைத் தொடவில்லை. பழவேற்காட்டில் கருவாடு வாங்கிவந்து விற்றுப் பிழைத்தார்.

மாமா விஷயத்தைச் சொன்னதும் கெங்கம்மாள் துடைப்பத்தை எடுத்தாராம். மாமா மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும்.

"வண்டி குடிக்கிதா?"

"ஆமாக்கா."

"குடிச்சிட்டுப் பொண்டாட்டிய அடிக்குமா?"

"அதுக்குப் பொண்டாட்டியே இல்லக்கா. என்னிய மாதிரி."

கெங்கம்மாள் சிரித்துவிட்டார். பிறகு நெடுநேரம் யோசித்தார். "வாய்க்குப் போவாது இல்ல? சத்தியமா?" என்று கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஊர் வயலுக்குப் போயிருக்கும் நடுப்பகலில், சவுக்குத் தோப்புக்குள் மறுபடி அடுப்பு மூட்டினார். ஒரு முறை காய்ச்சியதை இன்னொரு முறை காய்ச்சினார். அதில், பழவேற்காட்டுச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு இன்னும் சுண்ணாம்பாக நீற்றாத கிளிஞ்சலைப் போட்டு ஊற வைத்தார். மிச்சத் தண்ணீரைக் கிளிஞ்சல் குடித்துக்கொண்டது. பிறகு மூன்றாவது முறை. கொட்டாங்குச்சியில் கொஞ்சம் விட்டு நெருப்பு வைத்தால், எரிந்து முடிந்தபின் அடியில் ஒரு ஈரப் பொட்டுகூட இருக்காது.

அதைப் பெட்ரோலில் கலந்து ஓட்டிய அன்று சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. காரனோடை வரை போய்த் திரும்பினாராம். அந்தக் காரைப் பற்றி என்னிடம் பேசும்போது அவர் முகம் மாறியது அந்த ஒரு இடத்தில்தான். "எஞ்சின் இருக்குதுன்னே தெரியல பி.ஏ. காத்து மட்டும்தான் கேட்டுது" என்றார்.

பிப்ரவரி வந்தது. ஒரு டின் ஸ்பிரிட் காரோடு முன்பே சோழவரம் போயிருந்தது. சனிக்கிழமை முனிகிருஷ்ணன் ஓட்டினார், மூன்றாவதாக வந்தார். இறங்கியதும் சாலமோன் மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். டின் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு டின் ஊரில் தயாராக இருந்ததால் மாமா இரவே திரும்பினார். அதைக் கொண்டுபோக மாமாவும் கெங்கம்மாளும் காலையில் பேருந்தில் ஏறினார்கள். கருவாட்டுக் கூடையின் அடியில் டின். கருவாட்டு நாற்றத்தில் வேறு வாசனை எழாது. கூடையை மட்டும் என்னிடம் கொடுத்தால் போதும் என்று மாமா சொல்லியிருந்தார். கெங்கம்மாள் கேட்கவில்லை. "என் சரக்குல ஓடுற வண்டிய நான் பாக்க வாணாவா?" என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காரனோடைப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. மதுவிலக்குச் சோதனை. ஏறிய போலீஸ்காரர் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிக்கொண்டே வந்து கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்தார். டின் உருண்டது. மூடியைத் திறந்தார்.

யாருடையது என்று கேட்டார்.

சாலமோன் மாமா ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கெங்கம்மாள் நடுவில், பெண்கள் பக்கம்.

அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என்னுடையது என்று சொன்னால் அன்று பந்தயம் இல்லை. காருக்கு என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. நம்பினாலும் முனிகிருஷ்ணன் பெயர் வரும். பங்க் பெட்ரோல் தவிர வேறு ஊற்றக் கூடாது என்று பந்தயம் நடத்தியவர்கள் சொல்லியிருந்ததும் வரும். இவ்வளவையும் யோசித்தாரா, ஒன்றுமே யோசிக்கவில்லையா? அவர் என்னிடம் சொன்னது இதுதான்.

"என்னுதுன்னு அவ சொன்னா. கீழ எறக்கிட்டாங்க. பஸ்ஸு கெளம்புறப்ப அவ என் ஜன்னலப் பாத்தா. நான் ரோட்டப் பாத்துக்கினு இருந்தேன்."

சோழவரத்தில் முனிகிருஷ்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்பிரிட் இல்லாமல் ஓட்ட வேண்டாம், காரை லாரியில் ஏற்று என்றார். மாமா கெஞ்சினார். பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் வெறும் பெட்ரோலிலும் ஓடும், மெதுவாக ஓட்டுகிறேன், கடைசியாக வந்தாலும் பரவாயில்லை என்றார். முனிகிருஷ்ணன் கொடுத்த வாக்கை நினைத்தோ என்னவோ ஓட்ட விட்டுவிட்டார்.

முதல் சுற்று சொன்னபடி மெதுவாகத்தான் போனார். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்ற கூட்டம், தார் போட்ட நீண்ட ஓடுபாதை, திருப்பங்களில் அடுக்கிய டிரம்கள். இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதைக்கு வந்தபோது ஒரு பச்சைக் கார் பக்கத்தில் வந்து தாண்டியது. மாமா மிதித்தார். சுத்தியல் சத்தம் கேட்டது. கேட்டும் காலை எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் அந்தப் பச்சைக் காருக்குச் சமமாகப் போனாராம். பிறகு வெள்ளைப் புகை. பிஸ்டன் ஓட்டையாகி, கார் தானாக ஓரமாய்ப் போய் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் பொன்னேரி கோர்ட்டு வாசலில் கெங்கம்மாளைப் பார்த்தார். நல்ல புடவை கசங்கியிருந்தது. மாமா உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னதாகத்தான் இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

"ரெண்டு பேரும் உள்ள போயி இன்னா ஆவப்போவுது?" என்றார் கெங்கம்மாள். "நீ கோர்ட்டுல ஒண்ணும் சொல்லாத. சபையில சொல்லு. வாய்க்கு இல்ல, வண்டிக்குத்தான் காச்சினான்னு சொல்லிடு. சத்தியத்த மீறலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

மாமா தலையாட்டினார். கெங்கம்மாள் வேலூர் சிறைக்குப் போனார்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று ஆயர் கேட்பார். நோய் குணமானவர்கள், காணாமல் போன ஆடு கிடைத்தவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா சொல்லத்தான் போயிருந்தார். முந்தைய நாள் முனிகிருஷ்ணன் கூப்பிட்டு, இப்போது வாயைத் திறந்தால் பந்தயக்காரர்கள் காதுக்குப் போய்விடும், பிறகு உள்ளேயே விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். ஜப்பானிலிருந்து பிஸ்டன் வரட்டும். அடுத்த வருடம் இரண்டு நாளும் நீயே ஓட்டு என்றும் சொல்லியிருந்தார். ஆயர் கேட்டபோது மாமா உட்கார்ந்தே இருந்தார். அதே ஞாயிற்றுக்கிழமை, சத்தியம் மீறியவர் என்று கெங்கம்மாளை, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பதாகச் சபை மூப்பர்கள் அறிவித்தார்கள்.

கெங்கம்மாள் திரும்பி வந்தார். பிஸ்டன் வரவில்லை. அடுத்த பிப்ரவரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கார் செங்கல்மேல் நின்றது. மாமா தினமும் அதைத் துடைத்தார். எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். கூட்டுரோட்டில் உரிமத்தோடு சாராயக் கடை திறந்தது. அதன் வாசலைத் தாண்டித்தான் கெங்கம்மாள் கருவாட்டுக் கூடையோடு போனார். மூன்று வருடத்தில் மறுபடி மூடினார்கள். சபையில் மட்டும் எதுவும் மாறவில்லை. அதற்குள் முனிகிருஷ்ணன் அந்தக் காரை பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். மாமா ஷெட்டை விட்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அங்கே யாரோடும் பழகவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஆனால் சபைக்கு ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை. முன்வரிசையில் உட்காருவார். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தால் இவர் வெளியே போய் நிற்பார். பெருமைக்காரன் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எழுபத்தேழில் ஒரு நாள் காரனோடைப் பாலத்துக்கு முன்னால் பேருந்து பழுதாகி நின்றபோதுதான் அதுவரை சொல்லாமல் விட்டிருந்த மீதியையும் சொன்னார். கேட்காமலேயே சொன்னார். கார் போன பிறகாவது சபையில் சொல்லியிருக்கலாமே மாமா என்று கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்விதான். அவர் பாலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னான்னு சொல்றது? ரெண்டு ரவுண்டுக்காவ ஒரு பொம்பளய ஜெயிலுக்கு அனுப்ச்சேன்னா? ஜெயிச்சிருந்தாலாவது சொல்லியிருப்பேன் பி.ஏ."

அந்தப் பதில் எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. அவர்மேல் கோபம் வந்தது. வேலை கிடைத்த பிறகு, கையில் ஒன்று வந்த பிறகு என்று நானும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பும் வந்தது. வர்ற ஞாயித்துக்கிழம சொல்லிடுறேன் என்று இறங்கும்போது சொன்னார். அந்த ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆயர் கேட்டார். பிறகு பிரசங்கம் தொடங்கிவிட்டது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து சாலமோன் மாமா இறந்து போனார். வீட்டில் அவரோடு யாரும் இல்லை. வேலைக்கு வரவில்லையே என்று பார்க்க வந்தவர் கதவைத் தள்ளியபோதுதான் தெரிந்தது. கல்லறைக்குச் சிலரே போனோம். கெங்கம்மாள் வந்திருந்தார். தள்ளி நின்று, எல்லோரும் போட்டபின் ஒரு பிடி மண் போட்டார்.

சில நாள் கழித்து கெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நான் சபையில் எழுந்து சொல்கிறேன் பெரியம்மா என்றேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நீ அன்னிக்கி பஸ்ஸுல இருந்தியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"தோப்புல இருந்தியா?"

இல்லை.

"அப்பறம் இன்னா சாட்சி? கத சொல்லிக்கினு நிப்ப. பி.ஏ. படிச்சவன் நல்லாத்தான் சொல்லுவ." கோபமாகச் சொல்லவில்லை. பெரிய கருவாட்டை ஒரு பக்கமும் சின்னதை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தார். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் அவன் முதுவத்தான் பாத்துக்கினு இருப்பேன். ஆயரு கேக்குறப்ப அவன் தோளு கொஞ்சம் அசையும். இன்னிக்கி எழுந்துக்குவான்னு நெனப்பேன். நான் கேட்டது அவன் வாயாலதானே?"

கொஞ்சம் கருவாட்டைத் தாளில் மடித்து, அம்மாவிடம் கொடு என்று கையில் வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயர் சாட்சி கேட்டபோது நானும் எழுந்திருக்கவில்லை. திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையாக முன்னால் போனோம். திரும்பி வரும்போது பார்த்தேன். கெங்கம்மாள் பின்வரிசைப் பாயில் உட்கார்ந்தே இருந்தார்.